காலையில் குளிர், சாயங்காலம் அனல்: ஒரு கார் ஏசி பழுதின் முழு நிகழ்வு ஆய்வு

அக்காவின் காரில் ஏசி சில நேரம் குளிர்ந்தது, சில நேரம் அனலாக ஊதியது. இரண்டு தடவை கேஸ் ஏற்றினார்கள், கேபின் ஃபில்டர் மாற்றினார்கள், மூன்றாம் தடவை போனபோது கம்ப்ரசரையே மாற்றிவிட வேண்டும் என்று சொன்னார்கள். கடைசியில் பழுது இருந்த இடம் கம்ப்ரசர் புல்லிக்கும் (பெல்ட் சுற்றும் சக்கரம்) அதன் முன்னால் இருக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு சின்ன வாஷரை வெளியே எடுத்ததும் தீர்ந்துவிட்டது, புதிதாக எந்தப் பாகமும் வாங்கவில்லை. முடிவு இவ்வளவு சின்னதாக இருந்தாலும் அங்கே போய்ச் சேர எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, அதில் பாதி நாள் நான் தப்பான வழியில் போனேன். அந்தப் பாதையையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதே புகாரோடு இதே வழியில் போய்க் கம்ப்ரசரை மாற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வண்டியும் புகாரும்

எட்டு வருஷம் ஓடிய பெட்ரோல் கார், 1,10,000 கிலோமீட்டர் தாண்டியது. பெல்ட்டில் சுற்றும் சாதாரண கம்ப்ரசர், அதன் முகப்பில் மேக்னெட் க்ளட்ச், அதாவது கரண்ட் வந்தால் மட்டும் கம்ப்ரசரைப் புல்லியோடு இணைக்கும் மின்காந்தப் பிடி. உள்ளே ஆர் 134ஏ கேஸ், பானெட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 480 கிராம் என்று இருக்கிறது. இதுவரை விபத்து எதுவும் இல்லை, ஏசி குழாய்களைக் கழற்றிய வேலையும் இல்லை.

புகாரை அக்காவின் வார்த்தையிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் பதில் முழுக்க அதற்குள்ளேயே இருந்தது. “காலைல வேலைக்குப் போறப்ப ஜில்லுன்னு வருதுடா. சாயங்காலம் வர்றப்ப பாதி வழியில திடீர்னு சூடாயிடுது. நடுவுல எங்கயாவது கடையில நிறுத்திட்டுத் திரும்ப எடுத்தா கண்டிப்பா சூடுதான். வீட்டுக்கு வந்து நிறுத்திட்டு ராத்திரி எங்கயாவது கிளம்பினா மறுபடியும் நல்லா வருது. நடு மத்தியானம் கொளுத்துற வெயில்ல ஓட்டினப்பகூட ஒண்ணும் ஆகல, அதுதான் எனக்குப் புரியல.”

நான் இதைக் கேட்டுக்கொண்டு, சரி, பார்க்கலாம் என்றேன். நன்றாகக் கேட்டேனா என்றால் இல்லை. வெயில் அதிகமான நேரத்தில் வேலை செய்து, வெயில் தாழ்ந்தபின் நின்று போகும் ஏசி என்பது எவ்வளவு விசித்திரமான செய்தி என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அதற்கு முன் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் பட்டறையில் கேஸ் குறைந்திருக்கும் என்று கொஞ்சம் ஏற்றினார்கள். ஏற்றியதும் குளிர்ந்தது, அக்காவும் சந்தோஷமாக ஓட்டி வந்தாள், நாலு நாளில் திரும்ப அனல். இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம் கேஸ், கூடவே கேபின் ஃபில்டர். அன்றும் குளிர்ந்தது. அந்த வாரமே திரும்பவும் பழைய கதை. இரண்டு தடவையும் எடை போட்டு ஏற்றவில்லை, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து, கையை வென்ட்டில் வைத்துப் பார்த்து, போதும் என்று நிறுத்தியிருக்கிறார்கள். கேஸ் ஏற்றினால் குளிர்கிறது, பிறகு நின்றுவிடுகிறது, அப்படியானால் கம்ப்ரசர் போய்விட்டது என்பது மூன்றாம் தடவை வந்த தீர்ப்பு.

கேஸ் திரும்பி வராது

இங்கே ஒரு அடிப்படை விஷயம். கார் ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்கி முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது, அங்கே வெளிக்காற்றுப் பட்டு அது திரவமாகிறது, எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாகப் போகும்போது அழுத்தம் சட்டென்று விழுகிறது, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது கொதித்து ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவி திரும்பக் கம்ப்ரசருக்கே வருகிறது. வருஷக்கணக்கில் ரப்பர் குழாய் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் துளித்துளியாகக் கசியும், அது இயல்பு. அதைவிட வேகமாகக் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

குறைந்த கேஸ் வண்டி ஆறியதும் தானாகத் திரும்பி வராது, இல்லையா? சாயங்காலம் ஏழு மணிக்கு அனலாக ஊதிய ஏசி எட்டரை மணிக்கு ஜில்லென்று ஊதினால், அந்த ஒன்றரை மணி நேரத்தில் யாரும் கேஸ் ஏற்றவில்லை, ஆறியது மட்டும்தான் நடந்தது. அப்படியானால் பழுது சூட்டோடு சம்பந்தப்பட்டது. பட்டறையில் கேஸ் ஏற்றியதும் குளிர்ந்ததன் ரகசியமும் இதுதான்: வண்டி வரிசையில் ஒரு மணி நேரம் பானெட் திறந்தபடி நின்றிருக்கிறது, அதற்குள் எஞ்சின் அறை ஆறிவிட்டது, கேஸ் ஏற்றாமல் விட்டிருந்தாலும் அன்று குளிர்ந்திருக்கும். ஏற்றியது கேஸ், குணப்படுத்தியது காத்திருப்பு. இதை நான் பிற்பாடுதான் கோத்துப் பார்த்தேன்.

முதல் நாள் சோதனையும் தப்பான வழியும்

ஞாயிற்றுக்கிழமை காலை, வெளியே 33 டிகிரி. எஞ்சின் ஆறியிருந்தது. கேஜ் செட் மாட்டினேன், எஞ்சின் ஓடாதபோது இரண்டு ஊசியும் 105 பி.எஸ்.ஐ காட்டின. அந்த வெப்பநிலைக்கு ஆர் 134ஏ அதைத்தான் காட்டும். பலர் இங்கே ஏமாறுவார்கள்: ஓடாத வண்டியில் அழுத்தம் சரியாக இருப்பதால் கேஸ் அளவு சரி என்று அர்த்தமில்லை. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும்வரை, 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் ஊசி கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கும். வெப்பநிலைதான் அந்த அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அழுத்தம் சுத்தமாக விழுந்துகிடந்தால் கேஸ் இல்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான் அதிலிருந்து தெரியும்.

எஞ்சினைப் போட்டு ஏசி பட்டனை அழுத்தினேன். ‘டக்’ என்று க்ளட்ச் பிடித்தது, எஞ்சின் சத்தம் ஒரு கணம் தாழ்ந்து ஏறியது, முன் ஃபேன் சுற்றியது. பத்து நிமிஷம் கழித்து நடு வென்ட்டில் வைத்த தெர்மாமீட்டர் 11 டிகிரி. குளிர்தான், ஆனால் இந்த வண்டி இதைவிட நன்றாகச் செய்யும். கேஜில் லோ பக்கம் (கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் குழாய்) 46, ஹை பக்கம் (கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் குழாய்) 275. இரண்டுமே அதிகம்.

இரண்டு பக்கமும் சேர்ந்து அதிகமாக இருந்தால் பொதுவாக மூன்று சந்தேகம் வரும். கண்டென்சருக்குக் காற்று போதவில்லை, உள்ளே காற்று கலந்திருக்கிறது, இல்லை கேஸ் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது. ஃபேன் நல்ல வேகத்தில் சுற்றியது, கண்டென்சர் துடுப்புகளில் அழுக்கு அடைப்பு இல்லை, தண்ணீர் ஊற்றிப் பார்த்தும் ஹை பக்கம் கொஞ்சம்தான் இறங்கியது. எடை போடாமல் இரண்டு தடவை ஏற்றிய வண்டி வேறு. சந்தேகம் கேஸ் மேல்தான் விழுந்தது.

மீட்பு மெஷின் வைத்திருக்கும் ஒரு ஏசி நிபுணரிடம் கொண்டு போனேன். உள்ளே இருந்ததை உறிஞ்சி எடை போட்டார்: 590 கிராம். 480 இருக்க வேண்டிய இடத்தில் 110 கிராம் கூடுதல். “தம்பி, மொதல்ல இதுல கேஸே குறையல போல, அவங்க பாட்டுக்கு மேல மேல ஏத்திருக்காங்க” என்றார். அந்த வாக்கியத்தையும் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. முக்கால் மணி நேரம் வேக்யூம் போட்டு, வேக்யூம் விழாமல் நிற்கிறதா என்று பார்த்து, வெளியே வந்த ஆயிலின் அளவுக்குப் புது ஆயில் விட்டு, சரியாக 480 கிராம் ஏற்றினார். இப்போது லோ 32, ஹை 205, வென்ட்டில் 7 டிகிரி. அழகான எண்கள்.

நான் ஒரு விளக்கத்தைக் கட்டிக்கொண்டேன். கேஸ் அதிகம், அதனால் சாயங்கால நெரிசலில் ஹை பக்கம் ஏறி, பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடுகிறது, அதனால்தான் அனல். அக்காவிடம், “முடிஞ்சதுக்கா, இனிமே பிரச்சினை இல்ல” என்றேன்.

நாலாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. “டேய், திரும்பவும் அதேதான்.”

என் விளக்கத்தில் என்ன ஓட்டை என்று அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். ஹை பிரஷர் சுவிட்ச் வெட்டுவது 400 பி.எஸ்.ஐக்கு மேலே. நான் பார்த்தது 275. சரி, நெரிசலில் 400ஐத் தொட்டது என்றே வைத்துக்கொண்டாலும், சுவிட்ச் வெட்டியதும் அழுத்தம் ஒரு நிமிஷத்துக்குள் இறங்கி, கம்ப்ரசர் திரும்பப் பிடித்து, குளிர் விட்டு விட்டு வந்திருக்கும். அக்கா சொன்னது அரை மணி நேரம் தொடர்ந்து அனல். அதோடு, கொளுத்தும் மத்தியானத்தில்தான் அழுத்தம் எல்லாவற்றையும்விட அதிகம், அப்போது வெட்டாதது சாயங்காலம் ஏன் வெட்ட வேண்டும்? ஒரு பழுதை நான் உண்மையாகவே கண்டுபிடித்துச் சரி செய்தேன், ஆனால் அது பட்டறை உண்டாக்கிய இரண்டாவது பழுது. முதல் பழுது இன்னும் உள்ளேயே இருந்தது. கேஜில் கிடைத்த நல்ல எண்கள் புகாரோடு பொருந்துகிறதா என்று நான் சரிபார்க்கவே இல்லை.

பழுதை நேரில் பிடித்தது

வந்து போகும் பழுதைக் குளிர்ந்த வண்டியில் தேடுவது வீண். அது வரும்வரை காத்திருந்து, வந்த நிமிஷத்தில் அளக்க வேண்டும். மறுநாள் சாயங்காலம் நானே வண்டியை எடுத்தேன், கேஜ் செட், மல்டிமீட்டர் இரண்டும் பக்கத்து சீட்டில். ஐம்பது நிமிஷம் ஓட்டினேன், குளிராகத்தான் இருந்தது. அக்கா சொன்னது போல எஞ்சினை அணைத்துப் பத்து நிமிஷம் நிறுத்தினேன். அணைத்த வண்டியில் தண்ணீரும் சுற்றாது, ஃபேன் காற்றும் இல்லை, எஞ்சினின் சூடு முழுக்க பானெட்டுக்குள்ளேயே தேங்கும், கம்ப்ரசரைச் சுற்றியுள்ள இடம் ஓடும்போது இருப்பதைவிட அப்போதுதான் அதிகம் சுடும். முதல் தடவை எடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு நிறுத்தம். மூன்றாம் தடவை ஸ்டார்ட் செய்து ஏசி போட்டபோது ‘டக்’ சத்தம் வரவில்லை. வென்ட்டில் வெறும் காற்று, ஒரு நிமிஷத்தில் அனல்.

எஞ்சினை அணைக்காமல் இறங்கி பானெட்டைத் திறந்தேன். முதலில் கண்ணால் பார்த்தது: புல்லி சுற்றுகிறது, அதன் முன்னால் இருக்கும் தட்டும் நடு போல்ட்டும் அசையாமல் நிற்கின்றன. கேஜில் இரண்டு ஊசியும் 115இல், ஒன்றாக. இரண்டு ஊசியும் ஒட்டி நின்றால் கம்ப்ரசர் எதையும் அழுத்தவில்லை என்று அர்த்தம், அது தட்டு நிற்பதோடு ஒத்துப்போகிறது.

அடுத்த கேள்விதான் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரிக்கும் கேள்வி: க்ளட்ச்சுக்குக் கரண்ட் வருகிறதா, இல்லையா? வரவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், கூலிங் காயில் சென்சார், கம்ப்யூட்டர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். வருகிறது என்றால் அவை எல்லாம் நிரபராதிகள். கனெக்டரின் பின்புறமாக மல்டிமீட்டர் முனையைச் செருகி அளந்தேன். 13.6 வோல்ட். எர்த் பக்கம் விழுந்தது 0.1 வோல்ட் மட்டும், அதாவது எர்த் இணைப்பும் சரி. எல்லோரும் ‘பிடி’ என்று சொல்லிவிட்டார்கள், க்ளட்ச்தான் பிடிக்கவில்லை.

எஞ்சினை அணைத்துக் கனெக்டரைக் கழற்றி க்ளட்ச் காயிலின் (மின்காந்தச் சுருள்) தடையை அளந்தேன், 4.6 ஓம். காயில் அறுந்திருந்தால் மீட்டர் எல்லையற்ற தடை காட்டும், இது அறுந்ததில்லை. ஆனால் எண் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்தேன், இன்னும் பிடிக்கவில்லை. அப்புறம் ஒரு நீளமான மரக்குச்சியின் முனையால் அந்த நிற்கும் தட்டை முன்னாலிருந்து லேசாகப் புல்லி பக்கம் தள்ளினேன். ‘டக்’! பிடித்துக்கொண்டது. ஒரு நிமிஷத்தில் வென்ட்டில் குளிர். (சுற்றும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் அருகே செய்யும் வேலை இது. சட்டைக் கை, துப்பட்டா, சங்கிலி எதுவும் தொங்கக்கூடாது, இடம் நெருக்கமாக இருந்தால் செய்யவே வேண்டாம், எஞ்சினை அணைத்து இடைவெளியை அளந்தாலே அதே பதில் கிடைக்கும்.)

மறுநாள் காலை, ஆறிய எஞ்சினில் அதே காயிலை அளந்தேன்: 3.6 ஓம்.

ஏன் சூட்டில் மட்டும்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். மேக்னெட் க்ளட்ச் என்பது ஒரு மின்காந்தம். புல்லிக்குப் பின்னால் அசையாமல் இருக்கும் செம்புக் காயிலில் கரண்ட் பாய்ந்ததும் அது முன்னால் இருக்கும் இரும்புத் தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்ட வைக்கிறது. தட்டு கம்ப்ரசர் ஷாஃப்ட்டோடு இணைந்தது, அதனால் கம்ப்ரசர் சுற்றத் தொடங்குகிறது. கரண்ட் நின்றதும் தட்டில் உள்ள ஸ்பிரிங் பட்டைகள் அதைத் திரும்ப விலக்கிவிடுகின்றன. விலகியிருக்கும்போது நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும், இந்தக் கம்ப்ரசருக்கு மேனுவல் சொல்வது 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர்.

ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் இரண்டு முகங்களும் ஒரு நொடி உரசித்தான் ஒட்டுகின்றன. எட்டு வருஷத்தில் லட்சக்கணக்கான தடவை. முகங்கள் தேயத் தேய இடைவெளி அகலமாகிறது. காந்தத்தின் இழுப்பு தூரத்தோடு சாதாரணமாகக் குறையாது, இடைவெளி இரண்டு மடங்கானால் இழுப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும்.

இதில் சூடு வந்து சேர்கிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 3.6 ஓமிலிருந்து 4.6 ஓம் என்றால் காயில் காலையைவிட 70 டிகிரி அதிகமாகச் சூடாகியிருக்கிறது. 13.6 வோல்ட்டில் ஆறிய காயிலுக்கு 3.8 ஆம்பியர் போகும், சூடானதற்கு 3 ஆம்பியருக்கும் கொஞ்சம் குறைவு. இழுப்பு கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் கரண்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே இழுப்பில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடுகிறது. அகலமான இடைவெளியை ஆறிய காயில் எப்படியோ இழுத்துத் தாண்டிவிடும், சூடான காயிலால் முடியாது. புது க்ளட்ச்சிலும் இதே 40 சதவீதம் குறையத்தான் செய்யும், ஆனால் இடைவெளி சின்னதாக இருப்பதால் மிச்சமிருக்கும் இழுப்பே தாராளம்.

சரி, அந்த மத்தியான வெயில் விஷயம்? ஒரு தடவை ஒட்டிவிட்டால் இடைவெளி பூஜ்யம், அப்போது காந்தத்தின் பிடி பல மடங்கு, சூடான காயில்கூட விடாது. பழுது வெளிப்படுவது விட்டுவிட்டுத் திரும்பப் பிடிக்க வேண்டிய நேரத்தில் மட்டும். நல்ல வெயிலில் கூலிங் காயில் போதிய அளவு குளிர்வதே இல்லை, அதனால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், பிடித்த பிடி விடாது. வெயில் தாழ்ந்ததும் கூலிங் காயில் உறைநிலைக்கு அருகே வந்துவிடும், ஐஸ் கட்டாமலிருக்க சென்சார் கம்ப்ரசரை நிறுத்தும், கொஞ்ச நேரத்தில் திரும்பப் பிடிக்கச் சொல்லும், அப்போதுதான் சூடான காயில் தோற்றுப்போகும். கடையில் நிறுத்தி எடுத்தால் கண்டிப்பாக அனல் என்று அக்கா சொன்னதும் இதே கணக்குதான். அவள் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் இந்த ஒரு விளக்கத்தில் உட்கார்ந்துவிட்டது, என் பழைய விளக்கத்தில் பாதிகூட உட்காரவில்லை.

சரிசெய்தது

எஞ்சினை நன்றாக ஆறவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கர ஓரத்து பிளாஸ்டிக் மறைப்பை எடுத்தேன். ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) சுற்றிலும் மூன்று இடத்தில் அளந்தேன்: 0.95, 1.0, 0.9. மேனுவலின் மேல் எல்லையை எங்கேயோ தாண்டி நிற்கிறது.

தட்டைப் பிடித்துக்கொண்டு நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை நேராக வெளியே இழுத்தேன். கேஸ் சம்பந்தப்பட்ட எதையும் தொடவில்லை, இந்த வேலைக்குத் தொட வேண்டியதும் இல்லை. ஷாஃப்ட் முனையில் இரண்டு மெல்லிய ஷிம் வாஷர் இருந்தன, ஒன்று 0.5, இன்னொன்று 0.1. தொழிற்சாலையில் இடைவெளியைச் சரியாக வைக்கப் போட்டவை. தட்டுக்குள் ஒட்டிக்கொண்டே வந்துவிடும், கீழே விழுந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம், துணி விரித்துக்கொள்ளுங்கள். உரசும் முகங்களைப் பார்த்தேன், லேசான கோடுகள் இருந்தன, நீலம் பாய்ந்த எரிந்த தடம் இல்லை. அப்படி எரிந்திருந்தாலோ, புல்லி பேரிங் கரகரத்தாலோ, ஷிம்மை எடுத்துப் பிரயோஜனம் இல்லை, க்ளட்ச் செட்டையே மாற்ற வேண்டும். இங்கே பேரிங் சத்தமில்லாமல் சுற்றியது.

0.5 ஷிம்மை எடுத்துவிட்டு 0.1ஐ மட்டும் வைத்து மாட்டினேன், போல்ட்டை மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்கினேன். இப்போது மூன்று இடத்திலும் 0.40 முதல் 0.50 வரை. கையால் புல்லியைச் சுற்றிப் பார்த்தேன், எங்கும் உரசவில்லை. இந்தச் சோதனையை விட்டுவிடக்கூடாது. இடைவெளி அளவுக்கு மீறிக் குறைந்தால் ஏசி அணைந்திருக்கும்போதும் தட்டு உரசிக்கொண்டே இருக்கும், சூடேறிப் பேரிங்கும் காயிலும் சேர்ந்து போகும். எல்லா ஷிம்மையும் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அன்று சாயங்காலமே பழைய பாதையில் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிஷம் தேங்கவிட்டு எடுத்தேன். பிடித்தது. இப்படி அந்த வாரத்தில் இருபது தடவை செய்தேன், காயில் சுட்டு 4.6 ஓமுக்கு ஏறியிருந்த ஒரு நேரத்திலும் பட்டனை அழுத்தியதும் ‘டக்’ என்று பளிச்சென்று பிடித்தது.

அனல்காற்று, வேறு காரணங்கள்

அனலாக ஊதும் எல்லா ஏசிக்கும் ஷிம்தான் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. எப்போது, எந்த நிலையில் அனலாகிறது என்பதைக் கேட்டால் பெரும்பாலும் வழி தெரிந்துவிடும். ஓடும்போது குளிர், சிக்னலில் நின்றால் சூடு என்றால் முதலில் கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள், அடுத்து கண்டென்சருக்கு முன்னால் அடைத்திருக்கும் தூசி. நன்றாகக் குளிர்ந்து, அப்புறம் வென்ட்டில் காற்றின் வேகமே குறைந்துகொண்டு போய், ஏசியை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் காற்று வந்தால் கூலிங் காயில் ஐஸ் கட்டுகிறது, சென்சாரோ எக்ஸ்பான்ஷன் வால்வோ காரணமாக இருக்கலாம், கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும். க்ளட்ச் பிடித்திருக்கிறது, குழாய் கையில் ஜில்லென்று இருக்கிறது, வென்ட்டில் மட்டும் சூடு என்றால் ஹீட்டர் பக்கம் காற்றைத் திருப்பும் கதவு சிக்கியிருக்கும், கேஸைத் தொடவே தேவையில்லை. டிரைவர் பக்கம் குளிர், மறுபக்கம் சூடு என்றால் அந்தந்தப் பக்கத்துக்குத் தனிக் கதவு உள்ள வண்டிகளில் இதே கதவுதான், கேஸ் குறைந்திருந்தாலும் சில வண்டிகளில் இப்படிக் காட்டும். தட்டு சுற்றுகிறது, ஆனாலும் இரண்டு ஊசியும் ஒட்டி நிற்கின்றன என்றால் அப்போதுதான் கம்ப்ரசரின் உள்பாகத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் ஓட்டையைத் தேடாமல் ஏற்றாதீர்கள். ஆயில் கேஸோடு சேர்ந்துதான் கசியும், அதனால் இணைப்புகளிலும் கண்டென்சரிலும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிய இடம் தெரிகிறதா என்று முதலில் கண்ணால் தேடலாம், அப்புறம் ஒளிரும் சாயமான டை விட்டு அல்ட்ரா வயலட் விளக்கில் பார்க்கலாம். ஓட்டையை அடைக்கும் என்று விற்கும் சீலன்ட் டப்பாக்களை நான் பக்கத்தில்கூடச் சேர்ப்பதில்லை, அது எக்ஸ்பான்ஷன் வால்வையும் மீட்பு மெஷினையும் அடைத்துவிடும். கேஸை வெளியே திறந்து விடவும் கூடாது. ஆர் 134ஏ பூமியைச் சூடாக்கும் விஷயத்தில் அதே எடை கார்பன் டை ஆக்ஸைடைவிட 1,300 மடங்குக்குக் குறையாதது, அதோடு வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது, கையில் பட்டால் தோல் உறைந்து போகும், கண்ணில் பட்டால் கண்ணே போய்விடலாம். பல புது வண்டிகளில் ஆர் 1234 ஒய்.எஃப் என்ற வேறு கேஸ் இருக்கும், அது லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது, இரண்டையும் கலக்கக்கூடாது. ஸ்டிக்கரைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

எல்லா வண்டியிலும் இந்த க்ளட்ச் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். சில கம்ப்ரசர்கள் க்ளட்ச் இல்லாமல் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே உள்ள கன்ட்ரோல் வால்வுதான் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தீர்மானிக்கும், அங்கே ‘டக்’ சத்தத்துக்குக் காத்திருந்தால் வரவே வராது. மின்சாரக் கார்களிலும் பல ஹைப்ரிட் கார்களிலும் கம்ப்ரசரைச் சுற்றுவது உயர் மின்னழுத்த மோட்டார். ஆரஞ்சு நிற வயர் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள், அது பயிற்சி பெற்றவர்களின் வேலை, அதில் போடும் ஆயிலும் வேறு.

பட்டறைக்குக் கொண்டு போகிறவர்களிடம் நான் வேண்டிக் கேட்பது ஒன்றுதான்: கேஸ் ஏற்றும் முன், “தட்டு சுத்துதா அண்ணே? க்ளட்ச்சுக்கு கரண்ட் வருதா?” என்று கேளுங்கள். முடிந்தால் அனலாக ஊதிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே, எஞ்சினை அணைக்காமல், பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பழுது கண்முன் இல்லாத நேரத்தில் எவ்வளவு திறமையான மெக்கானிக்கும் யூகம்தான் செய்ய முடியும், அந்த யூகம் பெரும்பாலும் கேஸில் போய் நிற்கிறது.

இப்போது

ஆறு வாரம் ஆகிவிட்டது. நடுவில் ஒரு சாயங்காலம்கூட அனல் வரவில்லை. போன ஞாயிறு திரும்பவும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன், 0.45க்கு அருகிலேயே நிற்கிறது. இனி தேய்ந்தால் எடுப்பதற்கு 0.1 ஷிம் ஒன்றுதான் மிச்சம், அடுத்த தடவை இடைவெளி 0.6ஐத் தாண்டினால் க்ளட்ச் செட் மாற்ற வேண்டியிருக்கும் என்று அக்காவிடம் சொல்லி, தேதியையும் கிலோமீட்டரையும் அளவையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி சர்வீஸ் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.